வாயில் பறி கவ்விய மெக்கானிக்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தயங்கினேன். எழுத்து எனக்கு அவ்வளவாக வராது, மகளும் கோபித்துக்கொள்வாள். போன வெள்ளிக்கிழமை அம்மன் சந்நிதியில் பூ போட்டுக் கேட்டேன். உத்தரவு வந்துவிட்டது.

கண்ணை மூடிக்கொண்டு எஞ்சினைப் பிரிக்கிற மனுஷன் இந்தப் பூலோகத்திலேயே ஒருத்தர்தான். எங்கள் கோட்டைக்குப்பத்துக் கண்மூடி அண்ணன். எங்கள் உப்பு ஏரியின் சேற்றில் கையால் தடவி இறால் பிடித்து வளர்ந்தவர். கலங்கல் தண்ணீரில் கண்ணுக்கு வேலையில்லை. பிடித்ததைப் போட, பறி என்கிற ஓலைக்கூடையைப் பல்லில் கவ்விக்கொள்வார்கள். மெக்கானிக் ஆன பிறகும் அண்ணனுக்கு அந்தப் பழக்கம் போகவில்லை. கண்ணை மூடுவார், கையை உள்ளே விடுவார், கழற்றின போல்ட்டெல்லாம் பறிக்குள் விழும். "இன்னாண்ணே கோளாறு?" என்று கேட்டால் "ம்ம்ம்" என்பார். பிளக்கா, பிஸ்டனா, நம் தலையெழுத்தா, ஒன்றும் தெரியாது. ஒருமுறை ஓர் ஆட்டோவைத் தடவி, சுண்டெலிக் குடும்பம் ஒன்றையே பறியில் போட்டுக் கொடுத்தார். ஆட்டோ கிளம்பிவிட்டது!

நான் ஊட்டிக்காரர் ஒருவரிடம் பழைய வேன் வாங்கியிருந்தேன். அதில் ஹீட்டர் உண்டு. எங்கள் ஊர் வெயிலுக்கு ஹீட்டர்!

மகள் வள்ளிக்குச் சுண்ணாம்புக்குளத்தில் மாப்பிள்ளை. சித்திரை மாசம், காலை முகூர்த்தம். மற்ற வண்டிகளெல்லாம் முன்னால் போய்விட்டன. ஏரியை ஒட்டின சாலையில் எங்கள் வேன் புசுபுசுவென்று ஆவி விட்டு நின்றது.

"ஊட்டி வண்டி வாணாம்னு தலபாடா அடிச்சிக்கினேன்" என்றாள் என் மனைவி.

நல்லவேளை, கடைசி சீட்டில் கண்மூடி அண்ணன் இருந்தார், பட்டு வேட்டியும் பறியுமாக. சூடு கொஞ்சம் தணிந்ததும் இறங்கித் தடவினார்.

"எஞ்சின் கொதிக்குது, ரேடியேட்டரு அவ்ளோ சூடு இல்ல. நடுவுல வால்வு தொறக்காம கீது நைனா. அத்தக் கழட்டிட்டாப் போதும்."

சொல்லிவிட்டுப் பறியைக் கவ்வினார். வால்வு மூடியின் இரண்டு போல்ட்டும் உள்ளே விழுந்தன. அப்போது வள்ளி தேம்பிக்கொண்டே கேட்டாள்: "பெரீப்பா, முகூர்த்தம் போயிடுமா?"

நாங்கள் எல்லோரும் "ம்ம்ம்" வரும் என்று காத்திருந்தோம். அண்ணன் வாயைத் திறந்தார்.

"போவாது கண்ணு."

பறி உருண்டு ஏரிக்குள் போனது. பறி மிதந்தது. போல்ட்டு மிதக்குமா?

"ரெண்டு வார்த்தைக்கு ரெண்டு போல்ட்டு!" என்று தலையில் கைவைத்தாள் என் மனைவி. நான் அம்மனுக்கு மொட்டை வேண்டிக்கொண்டேன். யாருக்கு மொட்டை என்று அவசரத்தில் சொல்லவில்லை.

அண்ணன் பட்டு வேட்டியோடு குதித்தார். பறியைக் கவ்வி, கண்ணை மூடி, சேற்றைத் தடவினார். ஓர் இறால் வந்தது, பறிக்குள் போட்டார். அப்புறம் ஒரு நண்டு.

"அண்ணே, குழம்புக்கு இல்லண்ணே! போல்ட்டு!"

"ம்ம்ம்."

பழகின கை, கிடைத்ததை விடமாட்டேன் என்கிறது! அப்புறம் ஒரு போல்ட்டு. மறுபடி இறால். கடைசியில் இன்னொரு போல்ட்டு. அம்மா தாயே!

அண்ணன் கரையேறி வால்வை எடுத்துவிட்டு மூடியை முடுக்கினார். இனி ரேடியேட்டருக்குத் தண்ணீர் வேண்டும். ஏரித் தண்ணீரை மொண்டேன், அண்ணன் தட்டிவிட்டார். "உப்பு ஊத்தினா உள்ள கருவாடாப் பூடும்." மணமக்களுக்குத் தெளிக்க வைத்திருந்த அம்மன் அபிஷேகத் தண்ணீர் ஒரு குடம் இருந்தது. கன்னத்தில் போட்டுக்கொண்டு ஊற்றினேன்.

"இப்ப ஹீட்டரப் போடு. எஞ்சின் சூட்ட அது இழுத்துக்கும்."

சித்திரை வெயிலில் ஹீட்டர்! பவுடர் வழிந்தது, மாலை வதங்கியது, பறிக்குள் நண்டுகூடக் காலைப் பரப்பிவிட்டது. எஞ்சின் மட்டும் சுகமாக ஓடியது. சொட்டச் சொட்ட இறங்கின வள்ளியைப் பார்த்துச் சம்பந்தியம்மா பதறினார்: "இன்னா இப்படி அழுதுகினு வருது பொண்ணு?"

"அழுவல அத்தே, வேர்வ" என்று சிரித்தாள் வள்ளி. முகூர்த்தம் தப்பவில்லை. தாலி ஏறியது.

படிக்கிறவர்கள் இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். கொஞ்சமும் மாற்றாமல் சொல்லுங்கள். பறி தவறி விழுந்தது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். பிள்ளை அழுதாள், அவர் வாயைத் திறந்தார்.