ஹென்னிங் வாங்கிய சிவப்புக் கார்

"கொக்கி கிடைச்சுதா?" என்று லின்னேயா கேட்டாள்.

"ஏதோ கிடைச்சிருக்கு," என்றான் ஹென்னிங்.

பின் சீட்டின் மடிப்புக்குள் முழங்கை வரை கையை விட்டு, தலை காருக்குள்ளும் கால்கள் வெளியிலுமாகக் குப்புறக் கிடந்தான் அவன். கிடைத்ததை வெளியே எடுத்துப் பார்த்தான். நாய் பிஸ்கட். பாதி கடித்திருந்தது.

லின்னேயா குழந்தைச் சாமான் கடையில் வேலை பார்ப்பவள். குழந்தை சீட்டை வெறுமனே விற்றுவிட மாட்டாள். வாசலுக்கு வந்து, வாங்குகிறவர் காரில் மாட்டிப் பார்த்து, ஆட்டிப் பார்த்து, திருப்தியானால்தான் கொடுப்பாள். ஹூடிக்ஸ்வால் ஊரில் அவள் தலையாட்டாமல் எந்தக் குழந்தையும் காரில் ஏறியதில்லை.

"பின்னாடி பார்த்து உட்கார்ற சீட்டுக்கு அந்தக் கொக்கி ரெண்டும் வேணுமே. இருக்குன்னு சொன்னீங்க?"

"வித்தவர் சொன்னார். சத்தியம் பண்ணாத குறையா சொன்னார்."

ஸ்வீடனில் பிள்ளைகள் நாலு வயது வரை காரில் பின்னோக்கி உட்கார்ந்துதான் போவார்கள். அதில் ஹென்னிங்குக்கும் அவன் மனைவி தூவேக்கும் சண்டை இல்லை. சண்டையெல்லாம் காரைப் பற்றித்தான். தூவேயின் அண்ணன் ஸ்டாஃபன் தன்னுடைய நீளமான பழுப்பு வண்டியைச் சும்மாவே தருவதாகச் சொல்லியிருந்தான். அந்த வண்டியின் டிக்கியில் மூன்று கோடைக்கு முன்னால் புளிக்கவைத்த மீன் டப்பா ஒன்று வெடித்தது. மீன் போய்விட்டது. வாசனை போகவில்லை. ஸ்டாஃபன் ஓட்டிப் போனால் தெருவில் ஜன்னல்கள் ஒவ்வொன்றாக மூடும்.

அதற்குப் பயந்து ஹென்னிங் முந்தாநாள் மனைவியைக் கேட்காமல், ஷெல் என்கிற ரிட்டயரான வாத்தியாரிடமிருந்து ஒரு சின்னச் சிவப்புக் காரை வாங்கிவிட்டான். ஆறடி ஐந்தங்குல மனிதனுக்கு அது கார் இல்லை, சட்டை. ஆனாலும் பார்த்த மாத்திரத்தில் மனம் போய்விட்டது.

தூவே கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "குழந்தை சீட் அதுல பொருந்திச்சுன்னா வச்சுக்கோ," என்றாள். "பொருந்தலைன்னா ஸ்டாஃபன் வண்டி. திங்கக்கிழமை நான் வேலைக்குப் போறேன். ஆறு மாசம் நீதான் லீவுல குழந்தையைப் பார்த்துக்கப் போறே. எந்த வண்டியில போறதுன்னு வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள முடிவு பண்ணிடு."

இன்று வெள்ளிக்கிழமை. மணி நாலு. ஆறு மாதம் புளித்த மீனுக்குள் உட்கார்ந்து ஊர் சுற்றுவதா என்பது இன்னும் இரண்டு மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

"எது உங்க கார்?" என்று முதலில் லின்னேயா கேட்டபோது, கடை வாசலில் நின்ற சிவப்புக் காரை அவன் பெருமையாகத்தான் காட்டினான். பூட்டாத கதவைத் திறந்துவிட்டான். அந்த ஊரில் காரைப் பூட்டுகிறவனை ஒரு மாதிரிப் பார்ப்பார்கள்.

"கொக்கி இல்லைன்னா பரவாயில்லை," என்றாள் லின்னேயா. "பெல்ட் போட்டுக் கட்டுற சீட்டும் இருக்கு. எடுத்துட்டு வரேன்."

அவள் உள்ளே போன நேரத்தில், ரப்பர் பூட்ஸ் போட்ட ஒரு பெண்மணி மீன் கடைப் பையோடு வந்தார். அறுபது வயது இருக்கும். காரைப் பார்த்தார். கதவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த ஹென்னிங்கின் கால்களைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் மூடிக்கொண்டார். பிறகு கடைக்குள் போய், வரிசை நம்பர் தரும் மெஷினில் ஒரு தாளைக் கிழித்துக்கொண்டு வந்து, இரண்டடி தள்ளி மரியாதையாக நின்றார்.

லின்னேயா இரண்டாவது சீட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். சின்ன சிம்மாசனம் மாதிரி இருந்தது. அதைத் திருப்பி, படுக்கவைத்து, நிமிர்த்தி உள்ளே திணித்ததும், முன் சீட்டில் இடித்துக்கொண்டு நின்றது.

"டிரைவர் சீட்டை முன்னாடி தள்ளணும்."

"இது ஏற்கெனவே முன்னாடிதான் கெடக்கு!" ஹென்னிங் முன்னால் போய் உட்கார முயன்றான். முழங்கால் ஸ்டியரிங்கில் மாட்டிக்கொண்டது. "காலைல நல்லாத்தானே உட்கார்ந்து ஓட்டிட்டு வந்தேன்! தானா நகர்ந்திருக்கு பாருங்க. இந்த லிவரும் அசைய மாட்டேங்குது."

"கொஞ்சம் மேல தூக்கி, அப்புறம் இழுக்கணும் தம்பி," என்றார் ரப்பர் பூட்ஸ் அம்மாள். "அது கொஞ்சம் முரண்டு பிடிக்கும்."

தூக்கி இழுத்தான். சீட் சரேலென்று பின்னால் போய்க் குழந்தை சீட்டில் மோதி நின்றது.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"இதே மாதிரி காருதான் எனக்கும்."

"அப்ப உங்களுக்கும் இதே தலைவலிதானா?"

அம்மாள் சற்று யோசித்தார். "இன்னிக்குத்தான்," என்றார்.

பேரப்பிள்ளைக்கு சீட் வாங்க வந்திருக்கிறார் போல, பாவம், என்று ஹென்னிங் நினைத்துக்கொண்டான். இந்தக் காரை வாங்கி ஏமாந்தவன் தான் ஒருவன் மட்டும் இல்லை என்பதில் அவனுக்கு அற்ப சந்தோஷம்.

லின்னேயா அந்த அம்மாளைப் பார்த்தாள். "உங்க நம்பர் என்ன?"

"நாப்பத்தேழு."

"இவர் நாப்பத்தாறு. இவரோடது இன்னும் முடியலையே."

"தெரியுதும்மா. முடிக்கட்டும். குறுக்கே பேசக்கூடாது." பையிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் பூட்ஸ் மேல் விழுந்தது. "உறைஞ்ச இறால். இன்னும் கொஞ்ச நேரம் தாங்கும்."

டிரைவர் பக்கம் ஆகாது என்று தெரிந்ததும், எதிர்ப்பக்கம் மாற்றினார்கள். பெல்ட் நீளம் போதவில்லை. மறுபடி கொக்கியைத் தேடினார்கள். ஹென்னிங்கின் கைக்கு ஒரு அதிமதுர மிட்டாய் டப்பாவும், கைப்பிடி நாய் முடியும், ஒற்றைக் கம்பளிக் கையுறையும் கிடைத்தன. கையுறையை வெறுப்போடு தரையில் போட்டான். அம்மாள் அதை எடுத்துத் தட்டி, தன் பையில் வைத்துக்கொண்டார். சுத்தத்தில் அக்கறை உள்ளவர் என்று ஹென்னிங்குக்கு அவர்மேல் மதிப்பு வந்தது.

"கடைசி வழி ஒண்ணு இருக்கு," என்றாள் லின்னேயா. "முன் பக்கம், டிரைவருக்குப் பக்கத்துல வைக்கலாம். அங்க பெல்ட் நீளமா இருக்கும். ஆனா ஏர்பேக்கை அணைச்சே ஆகணும். இல்லைன்னா குழந்தைக்கு ஆபத்து. சாவியைப் போடுங்க, அணைஞ்சிருக்கான்னு விளக்கைப் பார்த்துடலாம்."

ஹென்னிங் சாவியைப் போட்டான். உள்ளே போனது, திரும்பவில்லை. பலம்கொண்ட மட்டும் முறுக்கினான். நெற்றியில் வேர்த்தது.

"உடைச்சுடாதீங்க தம்பி," என்றார் அம்மாள் கவலையோடு.

"உடைஞ்சா உடையட்டுங்க! ரெண்டு நாள்ல சாவி கெட்டுப்போற வண்டியை எவன் வித்தானோ அவனைத்தான் நான் உடைக்கணும்!"

அந்த அம்மாளின் முகம் வெளுத்தது. தன் பொருட்டு ஒருவர் இவ்வளவு வருத்தப்படுகிறாரே என்று ஹென்னிங்குக்கு நெகிழ்ச்சியாகிவிட்டது. அந்த வேகத்தில் ஷெல்லுக்குப் போன் போட்டான்.

"வாத்தியாரே, கொக்கி இருக்குன்னீங்களே, எங்கே?"

"பின் சீட் மடிப்புல. ரெண்டு பக்கமும் இருக்கு."

"கை தேயத் தேய தேடிட்டேன். நாய் பிஸ்கட்தான் இருக்கு."

"நாயா? எனக்கு நாய்ன்னா மூச்சு முட்டும். நாயே ஏறாத வண்டி அது."

"அப்ப இந்த முடியெல்லாம் உங்களோடதா? சாவியும் திரும்பலை. சீட்டும் தானா நகருது."

ஷெல் முப்பத்தைந்து வருஷம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர். பொய்யன் என்று அவரை இதுவரை யாரும் சொன்னதில்லை.

"இங்க பாருங்க ஹென்னிங்," என்றார். "இந்த வயசுல எனக்கு இந்தப் பேர் வேண்டாம். வண்டி இன்னும் என் பேர்லதானே இருக்கு. நம்ம பேச்சை ரத்து பண்ணிக்குவோம். பக்கத்து வீட்டுக்காரர் காலைல கூட அந்த வண்டியைக் கேட்டார். அவருக்கே கொடுத்துடறேன்."

"தாராளமா கொடுங்க! இந்த லட்சணத்தை அவரும் அனுபவிக்கட்டும்!"

பேசி முடித்த பத்தாவது நிமிடம் ஷெல்லிடமிருந்து செய்தி வந்தது. வண்டி பக்கத்து வீட்டுக்காரருக்கு என்று முடிவாகிவிட்டது. சாயங்காலம் வந்து எடுத்துக்கொள்வாராம்.

ஹென்னிங்குக்குக் கோபம் வடிந்து, அழுகை மாதிரி ஒன்று வந்தது. அந்தச் சிவப்பை அவன் உண்மையாகவே நேசித்தான். நேற்று பாத்திரம் கழுவும்போதுகூட ஜன்னல் வழியாக அதையே பார்த்துக்கொண்டிருந்தான். இன்றைக்கு ஏன் எல்லாமே மாறிப்போனது என்று அவனுக்குப் புரியவே இல்லை.

தூவேக்குப் போன் செய்தான்.

"நீ சொன்னதுதான் சரி தூவே. பொருந்தலை. வண்டியைத் திருப்பிக் கொடுத்துட்டேன்."

"நிஜமாவா?"

"உன்கிட்ட கேக்காம வாங்கினது தப்பு. இனிமே ஒரு பல் துலக்குற பிரஷ்கூடக் கேக்காம வாங்க மாட்டேன்."

"எழுதித் தருவியா?"

"தரேன்."

"சரி. ஸ்டாஃபனை வண்டியோட அங்கேயே அனுப்பறேன். சந்தோஷப்படுவான். உனக்காகப் பைன் மரம் மாதிரி வெட்டின வாசனை அட்டை ஒண்ணு வாங்கிக் கட்டி வச்சிருக்கானாம்."

"ஒண்ணுதானா?" என்றான் ஹென்னிங். தூவே வைத்துவிட்டாள்.

ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்து அப்படியே உட்கார்ந்திருந்தான். லின்னேயா இரண்டு சீட்டுகளையும் ஒவ்வொன்றாக உள்ளே கொண்டுபோனாள். ரப்பர் பூட்ஸ் அம்மாள் மட்டும் அசையாமல் நின்றார். பையிலிருந்து தண்ணீர் இப்போது சொட்டவில்லை, ஒழுகியது. காலடியில் ஒரு சின்னக் குட்டையே தேங்கியிருந்தது.

"மனசைத் தளரவிடாதீங்க தம்பி," என்றார் அம்மாள்.

"உங்க பொறுமை எனக்கு வரலைங்க," என்றான் ஹென்னிங், தலை நிமிராமல். "ஒரு மணி நேரமா நிக்கறீங்க. ஒரு வார்த்தை முணுமுணுக்கலை. நான் இங்கேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்துக்கறேன். மச்சினன் வந்துடுவான்."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"அரை மணி ஆகலாம்."

அந்த அம்மாள் பையைப் பார்த்தார். கையிலிருந்த தாளைப் பார்த்தார். ஏதோ பெரிய முடிவெடுப்பவர்போல மூச்சை இழுத்தார். அதற்குள் லின்னேயாவே வாசலுக்கு வந்து, கடை வழக்கப்படி சத்தமாகக் கூப்பிட்டாள்.

"நாப்பத்தேழு! ரொம்ப நேரம் காக்க வச்சுட்டேன், மன்னிச்சுக்குங்க. உங்களுக்கு என்ன வேணும்?"

"எனக்கு ஒண்ணும் வேண்டாம்மா," என்றார் அம்மாள், தயங்கித் தயங்கி. "இவர் இறங்கிட்டார்னா என் காரை எடுத்துட்டு வீட்டுக்குப் போயிடுவேன். இவரோட சிவப்புக் காரு அதோ, அந்த வேனுக்குப் பின்னாலதான் நிக்குது."