பேராதரவுப் பேரவையும் வாத்துத் துண்டும்

மனித குலம் முதலில் நெருப்பைக் கண்டுபிடித்தது. பிறகு சக்கரத்தைக் கண்டுபிடித்தது. அதன்பின் வெகுகாலம் சும்மா இருந்தது. மூன்றாவது பெரிய காரியம் நடந்தது எங்கள் கட்டடத்தில்தான். 'முதலாண்டுத் தாய்மார் பேராதரவுப் பேரவை' என்ற மகத்தான அமைப்பை உருவாக்கி, நிறுவனர், தலைவர், நிரந்தர உறுப்பினர் என்ற மூன்று பாரங்களையும் ஒரே தோளில் சுமந்தவன் அடியேன். தற்பெருமை எனக்குப் பிடிக்காது. ஆனால் இதை நான் சொல்லாவிட்டால் வேறு யாரும் சொல்லமாட்டார்கள் போலிருக்கிறது.

எங்கள் கட்டடத்தில் நாலு மாடி, மாடிக்கு ஒரு வீடு. ஒரே மாதத்தில் நாலு வீட்டிலும் குழந்தை பிறந்தது. முதல் மாடியில் கணக்கு டீச்சர். அவர் கணவர் வங்கியில் வேலை பார்ப்பவர். இரண்டாவதில் நர்ஸ், அவர் கணவர் லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் நாலு நாள் வீட்டில் தங்கினால் அதிகம். மூன்றாவதில் தையல்காரம்மா, அவர் கணவர் மைக்செட் வைத்திருக்கிறார். நாலாவதில் நான், ஓர் அலுவலகத்தின் கோப்புப் பிரிவுக் கண்காணிப்பாளர். என்னுடன் என் மனைவியும் மகளும் வசிக்கிறார்கள்.

பேரவைக்கு முந்தைய காலத்தை இருண்ட காலம் என்றே சொல்லவேண்டும். ஒருநாள் தலைவலி என்று அரைநாள் விடுப்பில் வீடு திரும்பினேன். பகல் பதினோரு மணி. இரண்டாவது மாடிப் படித் திருப்பத்தில் பாய் விரித்திருந்தது. தையல்காரம்மா மடியில் டீச்சரின் பிள்ளை. டீச்சர் மடியில் இரண்டு குழந்தைகள். அதில் ஒன்று என்னுடையது என்று பிறகு தெரியவந்தது. நர்ஸ் அப்போதுதான் தலைக்குக் குளித்துவிட்டு வந்து, தன் பிள்ளையைத் தையல்காரம்மாவின் தோளிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார். என் மனைவி சுவரில் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்திருக்க, அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

"என்ன நடக்குது இங்க?" என்றேன்.

"உஷ்!" என்றார்கள் மூன்று பேரும்.

ஒன்பது மாதமாக இப்படித்தானாம். ஒருத்தி தூங்க, மற்றவர்கள் பிள்ளை பிடிப்பார்களாம். ஒருத்தி குளிக்க, ஒருத்தி சும்மா உட்கார்ந்து அழ, ஒருத்தி சூடாறாமல் ஒரு டம்ளர் தேநீர் குடிக்க, இப்படியே முறை வைத்து ஓடுகிறதாம். தலைவர் கிடையாது. நிகழ்ச்சி நிரல் கிடையாது. யார் பிள்ளை யார் மடியில் எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை இருந்தது என்பதற்கு ஒரு துண்டுச் சீட்டுகூடக் கிடையாது! எங்கள் அலுவலகத்தில் ஒரு குண்டூசி டப்பா மேசை மாறவேண்டுமானால் இரண்டு பேர் கையெழுத்துப் போடவேண்டும். எனக்கு இருந்த தலைவலி பறந்துவிட்டது.

அடுத்த ஞாயிறே பேரவை உதயமாயிற்று. முதலாண்டு முடிய மூன்றே மாதம் இருந்ததால் துரித நடவடிக்கை தேவைப்பட்டது. வங்கிக்காரர் செயலாளர். மைக்செட்காரர் ஒலித்துறைப் பொறுப்பாளர். லாரிக்காரர் ஊரில் இல்லாததால் ஒருமனதாகத் துணைத்தலைவர். தாய்மார்களுக்குப் பதவி எதுவும் கொடுத்துச் சிரமப்படுத்தவில்லை. அவர்கள் 'பயனாளிகள்'.

முதல் தீர்மானம்: தாய்மையின் தியாகத்தை இப்பேரவை எழுந்து நின்று போற்றுகிறது. இரண்டாவது: போக்குவரத்துக்கு இடையூறாகப் படித் திருப்பத்தில் பாய் விரிப்பது தடைசெய்யப்படுகிறது. மூன்றாவது: கூட்டங்களில் பயனாளிகள் மாடி வாரியாகத் தனித்தனியே அமரவேண்டும், பேசக்கூடாது, கேள்விகளை எழுத்துமூலம் தரவேண்டும்.

தரைத்தளக் கூடத்தில் கூட்டம் தொடங்கியபோது நாலு குழந்தைகளும் தூங்கிக்கொண்டிருந்தன.

"ஹலோ... ஹலோ... மைக் டெஸ்டிங். ஒன்... டூ..." என்றார் மைக்செட்காரர். த்ரீ சொல்வதற்குள் நாலும் வீறிட்டன. "பாத்தீங்களா தலைவரே, கடைசி வரிசை வரைக்கும் சவுண்டு சுத்தமா போகுது!"

வங்கிக்காரர் 'தாய்மார்களின் தூக்கமின்மை: ஓர் அறிமுகம்' என்ற தலைப்பில் ஒன்றரை மணி நேரம் வாசித்தார். இரண்டாவது பக்கத்திலேயே பயனாளி ஒருவர் தூங்கிவிட்டார். அவர் என் மனைவி என்றும் பாராமல் கண்டனத்தைக் குறிப்பேட்டில் பதிவு செய்தேன். நீதி என்றால் அப்படி இருக்கவேண்டும்.

பேரவை பேச்சோடு நின்றுவிடவில்லை. ஆதரவு தேவைப்படுவோருக்காகவே 'படிவம் ஆ-1' அச்சிட்டோம். முதல் விண்ணப்பதாரர் நர்ஸ்.

"சார், அரை மணி நேரம் நிம்மதியா குளிக்கணும். யாராவது பிள்ளைய வச்சுக்கிறீங்களா?"

"படிவத்துல எழுதிக் குடுங்கம்மா. மூணு பிரதி. கணவர் கையெழுத்து கட்டாயம்."

"அவர் லாரியில போயிருக்காரு சார். வர பதினெட்டு நாள் ஆகும்."

"அதனால என்ன? பேரவை காத்திருக்கும்."

சொன்னபடியே காத்திருந்தது. இருபத்திரண்டாம் நாள், 'இந்த ஒருமுறை மட்டும், இதை முன்னுதாரணமாகக் காட்டி மீண்டும் கோரலாகாது' என்ற நிபந்தனையோடு அவர் குளிக்க ஒப்புதல் வழங்கினோம். அதன்பிறகு படிவங்கள் வருவது அடியோடு நின்றுபோயிற்று. குறைகள் எல்லாம் தீர்ந்துவிட்டன என்பதற்கு வேறு என்ன சான்று வேண்டும்?

இவ்வளவு பொதுப்பணிக்கு நடுவிலும் என் இல்லறம் இனிதே நடந்தது. பேரவையின் ஆறாவது வாரம் முடிந்ததிலிருந்து என் மனைவியிடம் ஒரு புதிய பக்தியைக் கண்டேன். நான் அலுவலகம் கிளம்பும் நேரத்துக்குச் சற்று முன், வாசல் கதவின் வெளிக் கைப்பிடியில் ஒரு சிறிய துண்டைத் தொங்கவிட்டுவிட்டு உள்ளே போய்விடுவாள். வெள்ளைத் துணியில் மஞ்சள் வாத்துகள் வரிசையாகப் போகும். வாயால் ஒன்றும் சொல்லமாட்டாள். நல்ல மனைவிக்குச் சொல்லத் தேவையில்லை. நல்ல கணவனுக்குக் கேட்கத் தேவையில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்குவேன். படியில் சில நாள் மற்ற வீட்டுக் கைப்பிடிகளிலும் அதே வாத்துகளைப் பார்த்ததுண்டு. அவரவர் கணவருக்கானது என்று கண்ணியமாகத் தொடாமல் கடந்தேன். லாரிக்காரர் ஊரில் இல்லாதபோதும் நர்ஸ் துண்டு போட்டிருந்ததைக் கண்டு எனக்குக் கண் பனித்தது.

அலுவலகத்தில் அந்த வாத்துகளைக் கண்டதும் எல்லோரும் குனிந்துகொள்வார்கள். மரியாதையால் என்று நினைக்கிறேன். மாலையில் தோளில் துண்டோடு வீடு வந்து, அழுக்குக் கூடையில் போடுவேன். மறுநாள் காலை அது துவைத்துக் காய்ந்து மீண்டும் கைப்பிடியில் இருக்கும்.

அந்த நாட்களில் மகளுக்குப் பல் முளைத்துக்கொண்டிருந்தது. இடுப்பை விட்டு இறங்கமாட்டாள். என் மனைவியின் கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்தது.

"ஏங்க, ஒரு மணி நேரம் இவளைப் பிடிச்சுக்குங்களேன். கண்ணை மட்டும் மூடிக்கிறேன்."

"இப்பவா? ஞாயித்துக்கிழமை உரையை எழுதிக்கிட்டிருக்கேனே."

"என்ன உரை?"

"'தாய்க்கும் ஓய்வு தேவை.'"

அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். எழுத்தாற்றலில் மெய்ம்மறந்துவிட்டாள் என்று அடுத்த பக்கத்துக்குப் போனேன்.

ஒருநாள் காலை அடுப்பங்கரையில் நின்றபடியே கண்ணயர்ந்து, கொதிக்கும் பால் பாத்திரத்தில் கையைச் சுட்டுக்கொண்டாள். நான் உடனே 'அடுப்பும் எச்சரிக்கையும்' என்று ஒரு தீர்மானம் எழுதினேன்.

"ரெண்டு மாடி கீழதானே நர்ஸம்மா? கூப்பிடட்டுமா?" என்றேன்.

"வேண்டாம்." துணியைக் கையில் சுற்றிக்கொண்டே சொன்னாள். "அவங்க யாருக்கும் நான் வேண்டாம்னா, எனக்கும் அவங்க வேண்டாம்."

பெண்கள் ஒன்பது மாதம் ஒரே பாயில் உட்கார்ந்தால் கடைசியில் பிணக்குத்தான் மிஞ்சும். படித் திருப்பத்தைத் தடைசெய்த என் தீர்க்கதரிசனத்தை எண்ணி நானே வியந்துகொண்டேன்.

முதலாண்டு நிறைவு விழா வந்தது. கூடத்தில் மேடை, மேடையில் கம்பளம், பின்னால் பேரவையின் பெயர் எழுதிய பத்தடித் துணிப் பதாகை. நிகழ்ச்சி நிரலின் சிகரம் 'பயனாளியின் நன்றியுரை'. நாலு பக்கம் நானே எழுதி, என் மனைவி கையில் கொடுத்திருந்தேன். ஒரு கையில் கட்டு, ஒரு இடுப்பில் மகள், விரல் நடுவே என் நாலு பக்கம் என்று அவள் மேடையின் ஓரத்தில் நின்றாள். நான் மைக்கில் நாற்பது நிமிடம் பேசியதில் வியர்த்துவிட்டது. பையிலிருந்து வாத்துத் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தேன்.

முன்வரிசையில் நர்ஸ் எழுந்தார். "சார், அந்தத் துண்டு..."

"கேள்விகளை எழுத்துமூலம் தரவும்."

"அது எப்படி சார் உங்க கையில இருக்கு?"

சபைக்குப் பயன்படும் செய்தி என்பதால் விதியைத் தளர்த்தி மைக்கிலேயே பதில் சொன்னேன். "இது என் மனைவியோட அன்பு! ஆறு வாரமா, நான் கிளம்பும்போது எடுத்துக்கிட்டுப் போகணும்னு, தினமும் கதவுக் கைப்பிடியில தொங்கவிடுறா. நானும் ஒருநாள்கூட மறக்காம எடுத்துக்கிட்டுத்தான் ஆபீஸ் போறேன்!"

கைதட்டலுக்காகக் காத்திருந்தேன். குழந்தைகள்கூட அழவில்லை.

"அடப்பாவி மனுஷா!" என்றார் தையல்காரம்மா. "நீங்க பாயைச் சுருட்ட வச்சு, படிவத்தையும் நீட்டினப்புறம், ஒரே துணிய நாலா வெட்டி ஓரம் அடிச்சுக் குடுத்தது நான். ஒரு மணி நேரம் ஆள் வேணும்னா கைப்பிடியில துண்டு போடணும். துண்டு போடாதவ வந்து பிள்ளையைத் தூக்கிக்கிட்டுப் போகணும். உங்க படிவத்துக்குப் பயந்து நாங்க செஞ்ச ஏற்பாடு அது!"

நர்ஸ் மேடை ஏறி என் மனைவியின் முன்னால் போய் நின்றார். "நீ துண்டே போடலைன்னு நெனச்சோம்டி. எங்க துண்டுக்கும் நீ வரல. தலைவர் வீட்டுக்கு நாம எதுக்குன்னு நாங்களும் ஏறி வரல."

"துண்டு போட்டவ எப்படி வருவேன்?" என்றாள் என் மனைவி. "தினமும் போட்டேன். இவர் கிளம்பினதும் கதவுக்குப் பின்னாடியே நின்னு, படியில காலடி கேக்குதான்னு காத்துக்கிட்டு இருப்பேன். இவர் சாயந்திரம் துண்டோட உள்ள வருவாரு. நாள் பூரா அங்கயே தொங்கியிருக்கு, நீங்க பாத்தும் பாக்காம போயிட்டீங்கன்னு... கதவைத் திறந்து பாக்கவே பயமா இருந்துச்சு."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு நடுவழியிலேயே அழுகையாகிவிட்டது. மற்ற மூவரும் அவளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். "அமைதி" என்று மைக்கில் சொன்னேன், குரல் உடைந்து வந்தது. மைக்கில் ஏதோ கோளாறு என்று முதலில் நினைத்தேன்.

நர்ஸ் கைக்கட்டைப் பிரித்துப் பார்த்து, "இதுக்குப் பேரு கட்டா? வெளக்குத் திரி!" என்று திட்டிக்கொண்டே புதிதாகச் சுற்றினார். தையல்காரம்மா பதாகையை அவிழ்த்து உதறினார். கம்பளத்தில் என் மனைவி படுத்தாள். 'பேராதரவு' என்ற சொல் கழுத்திலிருந்து கால்வரை அவளைப் போர்த்தியது. அந்தப் பதாகை அதுவரை யாருக்கும் இவ்வளவு பயன்பட்டதில்லை.

"தலைவரே, நன்றியுரை இன்னும் பாக்கி..." என்று மைக்கில் ஆரம்பித்தார் மைக்செட்காரர்.

"ஸ்விட்சை அணைங்க," என்றார் அவர் மனைவி. அணைத்துவிட்டார்.

அடுத்து டீச்சர் என்னிடம் வந்தார். "பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலை ஆட்டுறதுன்னு சொல்வாங்க. நீங்க தொட்டிலைக்கூட ஆட்டலையே!" என்று சொல்லி, என் மகளை என் வலது கையில் கொடுத்தார். வங்கிக்காரருக்கும் மைக்செட்காரருக்கும் அவரவர் பிள்ளை கிடைத்தது. துணைத்தலைவர் லாரியில் இருந்ததால், அவர் பிள்ளையும் தலைவர் பொறுப்பில் என் இடது கைக்கு வந்தது. என் மகள் ஒரு விருந்தாளியைப் பார்ப்பதுபோல் என்னைச் சற்று நேரம் பார்த்தாள். பிறகு மூக்குக்கண்ணாடியைப் பறித்தாள். சட்டையில் குத்தியிருந்த தலைவர் பேட்ஜைப் புதுப் பல்லால் கடித்தாள்.

டீச்சர் குறிப்பேட்டைத் திறந்து, வீட்டுப்பாடம் திருத்தும் அதே கையெழுத்தில், கடைசித் தீர்மானத்தை எழுதினார்: 'இந்த முதலாண்டில் ஆதரவளித்த தாய்மார் நால்வர். வளர்ந்த குழந்தைகள் நான்கு. வளராதவை மூன்று. லாரிக்காரர் ஊரில் இல்லாததால் விடுவிக்கப்படுகிறார்.'

"கையெழுத்துப் போடுங்க தலைவரே," என்று பேனாவை நீட்டினார்.

போடுவதில் எனக்கு ஆட்சேபணை எதுவுமில்லை. ஆனால் வலது கையில் ஒன்று, இடது கையில் ஒன்று. பேனா பிடிக்கக் கை ஒழியவில்லை. என் மகள் பிறந்த அந்த ஓராண்டில், கையெழுத்துப் போட எனக்குக் கை ஒழியாமல் போனது அன்றுதான் முதல் முறை.