ஃபோர்மேன் இடுப்பில் ஓர் ஊக்கு

கவலை வந்தால் சோறு இறங்காது என்பார்கள். அப்படிச் சொன்னவர்கள் விருதுநகர்ப் பக்கம் வந்ததில்லை என்று நினைக்கிறேன். எனக்குக் கவலை வந்தால் எண்ணெய் புரோட்டா இறங்கும். அதன் பின்னாலேயே சாத்தூர் சேவும் இறங்கும்.

நாரணாபுரத்தில் ஒரு பட்டாசு கம்பெனியில் நான் ஃபோர்மேன். தீபாவளி சீசன் வந்துவிட்டால் காலையில் ஆர்டர், மதியம் மழை, சாயங்காலம் "லோடு என்னாச்சுய்யா?" என்று முதலாளியின் போன். (வெடிமருந்துக்குப் பக்கத்தில் பீடி சிகரெட் ஆகாது. சேவு வெடிக்காது. வேறு வழி?) ஆபீஸ் மேசைக்குள் எப்போதும் ஒரு பொட்டலம் இருக்கும். போன் அடித்தால் கை தானாக அதற்குள் போகும். தூக்கமும் கெட்டது. தூங்காத நாளில் பசி இரண்டு மடங்காக வந்தது. மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுபோனால் என் மனைவி செல்வி பொட்டலத்தை உதறிப் பார்ப்பாள்.

"ஏங்க, அம்புட்டையும் தின்னுட்டீகளா?"

"டென்ஷன், செல்வி."

"டென்ஷன் தலையிலதான இருக்கும்? ஒங்களுக்கு மட்டும் ஏன் வயித்துல இருக்கு?"

சீசனிலேயே பெரிய டென்ஷன், பாதுகாப்பு ஆய்வுக்கு அதிகாரி வரும் நாள். குறை கண்டால் ஷெட்டுக்கு சீல் வைத்துவிடுவார். சீல் விழுந்தால் அத்தனை பேருடைய தீபாவளி போனஸும் போச்சு. எல்லோருக்கும் முன்னால் என் வேலை போகும். அந்தப் பயத்தில் முதல் நாள் சாயங்காலம் புரோட்டாக் கடையில் நான் செய்த அட்டூழியத்தை இங்கே விவரிக்க விரும்பவில்லை.

ஆய்வு நாள் காலையில் பேண்டை மாட்டி மூச்சு விட்டேன். பட்டன் தெறித்துப்போய் பீரோ கண்ணாடியில் அடித்தது. பருத்தித் துணி தவிர வேறு எதுவும் கம்பெனிக்குள் ஆகாது, பருத்தியில் இருந்த மற்ற பேண்டுகளோ தொடையோடு நின்றுவிட்டன. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. செல்வி தன் தாலிச் சங்கிலியில் தொங்கிய ஊக்கு ஒன்றைக் கழற்றிக் குத்திவிட்டாள்.

"ஒங்க கம்பெனியில ஊக்கு கூடாதும்பீகளே?"

"நான் என்ன மருந்தா கலக்கப் போறேன்?" என்று கிளம்பிவிட்டேன்.

இரும்பு உரசினால் பொறி வரும். அதனால் கேட்டிலேயே எல்லோரையும் சோதித்துத்தான் உள்ளே விடுவோம். அன்று மாரியம்மாள் அக்காவின் கொண்டையில் ஓர் ஊசியைக் கண்டுபிடித்தேன். இந்த ஷெட்டில் பழைய ஆள், வாயும் பழையது. "ஒரு ஊசி போதும்க்கா, ஊரே போயிரும்!" என்று வரிசை முழுக்கக் கேட்கும்படி திட்டி, ஊசியைப் பிடுங்கி டப்பாவில் போட்டேன். சீசன் நேரம் என்பதால் வீட்டுக்கு மட்டும் அனுப்பவில்லை. அக்கா என் இடுப்புப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு நகர்ந்தார். அப்போதே நான் பயந்திருக்க வேண்டும்.

அதிகாரி வந்தார். கூடவே முதலாளி.

"கேட்ல எப்படி செக் பண்றீங்கன்னு பார்க்கணும். யாரை வச்சுக் காட்டுறீங்க?" என்றார் அதிகாரி.

"ஃபோர்மேன் சாரையே பாருங்கய்யா. எங்களுக்கெல்லாம் அவுகதான் வழிகாட்டி" என்றது மாரியம்மாள் அக்காவின் குரல்.

"சட்டையைத் தூக்குங்க."

வயிற்றை உள்ளே இழுத்தேன். அது வரவில்லை. வெயிலில் ஊக்கு பளபளத்தது.

"அந்த போர்டுல என்ன எழுதியிருக்கு? படிங்க."

நானே எழுதி மாட்டிய போர்டு. "ஊக்கு, ஊசி முதலிய இரும்புப் பொருட்களுடன் வருவோருக்கு அன்று வேலை கிடையாது. இப்படிக்கு, ஃபோர்மேன்."

'இப்படிக்கு' வந்தபோது வரிசையே சிரித்தது. முதலாளி மட்டும் சிரிக்கவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. "சார், சீல் வச்சிராதீங்க சார். சீசன் டென்ஷன்ல தின்னு தின்னு பட்டன் தெறிச்சிருச்சு" என்று உண்மையைக் கொட்டிவிட்டேன்.

அதிகாரி என் வயிற்றைப் பார்த்தார். பிறகு குனிந்து தன் வயிற்றைப் பார்த்தார்.

"எனக்கும் இது சீசன்தான்" என்று பெருமூச்சு விட்டார். "கேட்லயே சிக்கிட்டதால பொழச்சீங்க. மத்தது சரியா இருந்தா சீல் இல்ல. ஆனா போர்டுல போட்டபடி இன்னைக்கு உங்களுக்கு வேலை இல்ல. கிளம்புங்க."

ஊக்கைக் கழற்றி அதே டப்பாவில் போட்டேன். இரண்டு கையாலும் பேண்டைப் பிடித்துக்கொண்டு திரும்பியபோது மாரியம்மாள் அக்கா ஒரு கயிற்றை நீட்டினார்.

"பார்சல் கட்டுற சணல் சார். எம்புட்டு லோடுன்னாலும் தாங்கும்."

நல்லவேளை, ஷெட்டில் வேறு குறை இல்லை. போனஸும் வந்தது, என் வேலையும் தப்பித்தது. அதற்குப் பிறகு முதலாளியின் போன் வந்தால் பேசி முடித்ததும் எழுந்து கம்பெனியை ஒரு சுற்று நடந்துவிடுகிறேன். கவலையைச் சேவிடம் சொல்லாமல் செல்வியிடம் சொல்கிறேன். (சேவு திருப்பித் திட்டியதில்லை.) சொல்லிவிட்டுப் படுத்தால் தூக்கமும் வருகிறது. அப்படியும் ஏதாவது கல்யாணப் பந்தியில் இரண்டாவது அல்வாவுக்குக் கை நீட்டினால் செல்வி வாய் திறக்க மாட்டாள். சங்கிலியிலிருந்து ஓர் ஊக்கைக் கழற்றி என் இலை ஓரத்தில் வைப்பாள். இப்போது அவள் தங்கைமாரும் வைக்கிறார்கள்.

கேட்டில் தினமும் முதல் சோதனை எனக்குத்தான். சோதிப்பது மாரியம்மாள் அக்கா. இந்தச் சீசனில் சட்டையைத் தூக்கிக் காட்டியபோது என் இடுப்பைப் பார்த்த அக்காவின் முகம் வாடிவிட்டது.

"என்ன சார், இப்பிடி எளைச்சுட்டீக? ஆர்டர் இல்லையா? எங்க போனஸ் வந்துரும்ல?"