க்ரீம் உருகுவதற்குள்

வெயில் ஏற ஏற மனிதர்களில் பெரும்பாலோர் அடுப்படியை விட்டு விலகி ஓடுவார்கள். ஒரே ஓர் இனம் மட்டும் அப்போதுதான் அடுப்படிக்குள் ஓடிவரும். ஊரே தண்ணீரைக் குடித்துவிட்டுக் குப்புறக் கிடக்கும் பிற்பகலில், ஜன்னலைச் சாத்தி, மாவு பறக்கும் என்று மின்விசிறியை நிறுத்தி, ஓவனை நூற்றெண்பது டிகிரிக்கு முடுக்கிவிட்டு, மூக்கு நுனியில் மைதாவும் முகத்தில் பரவசமுமாக நிற்கும் ஒருவரை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அவருக்குக் கோடைக் கேக்காளர் என்று பெயர் வைத்திருக்கிறேன். இதைவிடப் பொருத்தமான பெயர் ஒன்று வாய்வரை வருகிறது. உறவு கெட்டுவிடும் என்று விழுங்கிக்கொள்கிறேன். ஏனென்றால் நான் பக்கத்தில் இருந்து பார்த்த கேக்காளர் என் கூடப் பிறந்த அக்கா.

அக்கா பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வருஷத்தில் பத்து மாதம் அவளைப் பற்றி யாரும் ஒரு குறை சொல்ல முடியாது. கோடை விடுமுறை விட்ட மறுநாள் காலை, ஓவனின் மேல் போர்த்தியிருக்கும் பூப்போட்ட உறையைக் கழற்றுவாள். அன்றோடு எங்கள் நிம்மதியும் கழன்றுவிடும். அவளும் அத்தானும் மகளும் கீழ் வீட்டில் இருக்கிறார்கள். தங்கை நான் தனியாள், மாடியில். முதலில் வாசனை மேலே வரும். அதன் பின்னாலேயே தட்டும் வரும். கதவைத் தட்டியும் திறக்காமல் தூங்குவதுபோல் நடித்துப் பார்த்தேன். ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, 'கண் இமை ஆடுது, எழுந்திரு' என்றாள்.

இந்த இனம் குடியிருக்கும் வீட்டில் முதலில் நாடு கடத்தப்படுவது ஃப்ரிட்ஜில் உள்ள தண்ணீர் பாட்டில்கள். அடுத்தது காய்கறி. அந்த இடத்தில் பாலாடை, கட்டி வெண்ணெய், வட்ட டின், நீள டின், 'தொடாதே' என்று எழுதி மூடிய ஒரு கிண்ணம் ஆகியவை குடியேறும். குளிர்ந்த தண்ணீருக்கு நாங்கள் மூவரும் தவித்துக்கொண்டிருக்க, வெண்ணெய் மட்டும் சௌக்கியமாக இருக்கும். வீட்டில் ஏ.சி. இருப்பது ஒரே அறையில். அந்த அறையை மே மாதம் முழுவதும் க்ரீமுக்கு ஒதுக்கியாகிவிட்டது. கட்டிலின் மேல் தட்டு, தட்டின் மேல் கேக், கேக்கின் மேல் வலை மூடி. கட்டிலுக்குச் சொந்தக்காரரான அத்தான் கூடத்துத் தரையில் ஈரத் துண்டைப் போர்த்திக்கொண்டு படுத்திருப்பார்.

அத்தான் பல் டாக்டர். நாள் முழுக்க அடுத்தவர் வாயைப் பார்த்து இனிப்பைக் குறையுங்கள் என்று எச்சரித்துவிட்டு வீட்டுக்கு வந்து, தன் வாயைத் திறந்து இரண்டு துண்டு வாங்கிக்கொள்பவர். எதிர்த்துப் பேச மாட்டார். ஒரே ஒரு முறை பேசிப் பார்த்தார். 'நான் யாருக்காகச் செய்யறேன்?' என்று அக்கா கேட்டாள். அந்தக் கேள்விக்கு எந்த வீட்டில் யார் பதில் சொல்லியிருக்கிறார்கள்? போய்ப் பாத்திரம் கழுவினார். ஒரு கேக்குக்குப் பதினொரு பாத்திரம், மூன்று கரண்டி, ஒரு சல்லடை என்பது அவர் எடுத்த சராசரி.

சரி, கேக் வெந்துவிட்டது. சாப்பிடலாமா? எங்கே! முதலில் படம். அந்த வீட்டில் நல்ல வெளிச்சம் விழுவது துணி காயும் பால்கனியில், அதுவும் மூன்று மணியிலிருந்து மூன்றரை வரை. ஆகவே கொடியில் காய்கிற துணியெல்லாம் அரை ஈரத்தோடு உள்ளே வரும். ஒரு பழைய மரப்பலகை வெளியே போகும். இஸ்திரி போட்டு மடித்த வெள்ளைத் துணி ஒன்று, யாரும் கவனிக்காமல் போட்டதுபோல் தெரிய வேண்டும் என்பதற்காக ஐந்து நிமிடம் கசக்கப்படும். பக்கத்தில் யாரும் படிக்காத தடித்த புத்தகம், அதன் மேல் யாருக்கும் பவர் பொருந்தாத ஒரு மூக்குக் கண்ணாடி, ஆறிப்போன காபி. அந்தக் காபியை நான் ஒரு தடவை தெரியாமல் குடித்துவிட்டேன். இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை.

அப்புறம் கடித்த துண்டு ஒன்று வேண்டும். யாரோ ஆசையை அடக்க முடியாமல் கடித்து வைத்ததுபோல் இருக்க வேண்டுமாம். அத்தான் கடித்தார். பல் டாக்டர் இல்லையா, அளவெடுத்த மாதிரி வரிசையாக விழுந்தது கடி. 'இயல்பா இல்லையே' என்றாள். அடுத்த துண்டு. அதுவும் இயல்பாக இல்லை. நான்காவது துண்டில், முகத்தில் ஆசை என்பதன் சுவடே இல்லாத ஒரு மனிதர் கடித்த கடி, மிக இயல்பாக அமைந்துவிட்டது.

படம் போனில் ஏறும்போது அதன் கீழே நாலு வரியும் ஏறும். 'கோடைப் பிற்பகல். ஒரு துண்டு கேக். கொஞ்சம் மௌனம். வாழ்க்கை என்பது இந்தச் சின்னத் தருணங்கள்தானே?' மௌனமாம். அந்த நேரத்தில் உள்ளே பதினொரு பாத்திரமும் ஒன்றோடொன்று மோதிக்கொண்டிருக்கும்.

இதோடு விட்டாளா? மார்க் போட வேண்டும். பத்துக்கு. 'உண்மையைச் சொல்லணும், எனக்காகச் சொல்லக் கூடாது' என்பது நிபந்தனை. எட்டு என்று சொன்னால், போன இரண்டு எங்கே போயிற்று என்று விசாரணை. பத்து என்று சொன்னால், சாப்பிடாமலே சொல்கிறாய் என்று இன்னொரு துண்டு. ஒன்பதரை போட்டுத் தப்பிக்கும் வித்தையைக் கண்டுபிடித்தவள் அவள் மகள். நாங்கள் எல்லாரும் அவளைக் குட்டி என்றுதான் கூப்பிடுவோம். இருபத்திரண்டு வயது. இந்த வருஷம் படிப்பு முடிந்தது. மே மாதக் கடைசியில் வேலை கிடைத்தது. ரயிலில் ஒரு முழு நாள் பயண தூரத்தில் உள்ள ஊரில். இதுவரை வீட்டைவிட்டு ஒரு வாரம்கூடத் தனியாக இருந்திராதவள்.

ஒரு தாய்க்கு இது எவ்வளவு பெரிய செய்தி! அக்கா செய்தியைக் கேட்டதும் கண் கலங்கினாள், மகளைக் கட்டிக்கொண்டாள், 'மூணு அடுக்கு' என்றாள். எலுமிச்சைக் கேக், மூன்று அடுக்கு, வெள்ளை க்ரீம், மேலே சர்க்கரைப் பூ. கேக்கை வெட்டுவதையும் மகளைக் கட்டிக்கொள்வதையும் வீடியோ எடுத்து, 'கூட்டை விட்டுப் பறக்கும் நாள்' என்று போடுவதாகத் தீர்மானம் ஆயிற்று. பறக்கப்போகிறவளிடம் அபிப்பிராயம் கேட்கப்படவில்லை.

கிளம்புவதற்கு முந்தின மூன்று நாளும் குட்டி அடுப்படி வாசலில் வந்து நிற்பதை நான் பார்த்தேன். 'அம்மா, கொஞ்ச நேரம் உக்காருறியா?' என்பாள். 'இருடி, சர்க்கரை பாகு ஆயிடும்.' போவாள். சாயங்காலம் திரும்ப வருவாள். 'இருடி, பூ உடைஞ்சிடும்.' மூன்றாம் நாள் அவள் எதுவும் கேட்கவில்லை. ஒரு கரண்டியை எடுத்துத் துடைத்து வைத்துவிட்டுப் போனாள்.

அக்காவைக் கல் நெஞ்சக்காரி என்று நினைத்துவிடாதீர்கள். இந்த இனத்தில் கல் நெஞ்சக்காரர்களே கிடையாது. அன்பு வழிந்து ஓடும், அதுதான் சங்கடம். மகள் ஏதோ பேச ஆசைப்படுகிறாள் என்று அவளுக்கும் தெரிந்திருந்தது. ஆகவே கணக்கு டீச்சருக்கே உரிய முறையில் அதற்கு ஒரு வழி செய்தாள். கிளம்பும் நாளுக்கு ஓர் அட்டவணை எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினாள். ஆறு மணிக்கு முதல் அடுக்கு, ஏழுக்கு இரண்டாவது, எட்டுக்கு மூன்றாவது, பத்தரைக்குக் க்ரீம், ஒரு மணிக்கு பெட்டி கட்டுதல், இரண்டே காலுக்குத் தலை வாருதல், இரண்டரைக்கு கேக்கைப் பால்கனிக்கு மாற்றுதல். இரண்டு நாற்பதுக்கு, அழகான கையெழுத்தில், அடிக்கோடு போட்டு: 'குட்டியோடு மனம் விட்டுப் பேசுதல். பதினைந்து நிமிடம்.' அதற்குப் பிறகு வீடியோ. மூன்றரைக்குக் கார். நாலரைக்கு ரயில்.

நான் அதைப் படித்துச் சிரித்தேன். குட்டி சிரிக்கவில்லை. இரண்டு நாற்பதுக்கு ஐந்து நிமிடம் முன்னாலேயே தலை வாரி, செருப்பு மாட்டி, கூடத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். எதிரில் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டிருந்தாள்.

இரண்டு முப்பத்தெட்டுக்கு க்ரீம் சரிந்தது.

பால்கனி வெயிலில் மேல் அடுக்கு மெல்ல ஒரு பக்கமாக நகர ஆரம்பித்தது. அக்கா போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. கேக்கைத் தூக்கிக்கொண்டு ஏ.சி. அறைக்கு ஓடினாள். அத்தான் விசிறியோடு பின்னால் ஓடினார், நான் ஐஸ் கட்டிக் கிண்ணத்தோடு அவர் பின்னால் ஓடினேன். க்ரீம் இறுகப் பதினைந்து நிமிடம் வேண்டும் என்றாள் அக்கா. கணக்கில் அவளை அசைக்க முடியுமா? அட்டவணையில் பதினைந்து நிமிடம் எங்கே இருக்கிறது என்று பார்த்தாள். இருந்தது. எடுத்துக்கொண்டாள். கூடத்தைத் தாண்டும்போது மகளின் கன்னத்தைத் தட்டி, 'ராத்திரி ரயில்லேர்ந்து போன் பண்ணு, நிறைய பேசலாம்' என்று சொல்லிவிட்டுப் போனாள். குட்டி அந்த எதிர் நாற்காலியைப் பழையபடி சுவரோரம் தள்ளி வைத்தாள்.

மூன்றே காலுக்கு வீடியோ. அத்தான்தான் போனைப் பிடித்தார். குட்டி கேக் வெட்டினாள், அக்கா ஊட்டினாள், இருவரும் கட்டிக்கொண்டார்கள். அக்காவின் முழங்கை கேக்கை மறைத்துவிட்டதாம், மறுபடியும். இரண்டாவது தடவை குட்டி சிரிக்கவில்லையாம், மறுபடியும். மூன்றாவது தடவை கட்டிக்கொண்டபோது குட்டி விடவில்லை. அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு உடம்பு குலுங்க அழுதாள். அக்கா அவள் காதோரமாக மெதுவாகச் சொன்னது எனக்குக் கேட்டது.

"அப்படியே இரு, அசையாதே. நல்லா வருது."

இருபத்தைந்து வருஷமாகப் பல் பிடுங்கி ஒரு தடவையும் நடுங்காத அத்தானின் கை நடுங்கியது. 'ஆடுது பாருங்க' என்றாள் அக்கா, மகளின் தோளுக்கு மேலாக. அவர் போனைத் தாழ்த்திவிட்டார். அது மட்டும்தான் அவரால் முடிந்தது. அதற்குள் வேண்டியது பதிவாகியிருந்தது.

குட்டியை ரயிலேற்றிவிட நான் காரை ஓட்டிப் போனேன். அத்தானுக்கு நாலு மணிக்கு ஒரு கடைவாய்ப் பல் காத்திருந்தது. அக்காவால் கேக்கைத் தனியே விட்டுவிட்டு வர முடியவில்லை. பாதி வழியில், சிக்னலில் நின்றபோது, ஜன்னல் பக்கம் திரும்பியபடியே குட்டி சொன்னாள்.

"பயமா இருக்கு சித்தி. போகலைன்னா தப்பான்னு அம்மாகிட்ட கேக்கணும்னு இருந்தேன். போகாதேன்னு சொல்ல வேண்டாம். பயப்படாதேன்னு சொல்லியிருந்தாக்கூடப் போதும்."

பிறகு ரயில் வந்தது, ஏறினாள், கை காட்டினாள், போனாள்.

நான் வீட்டுக்குத் திரும்பியபோது வீடியோ ஏறிவிட்டிருந்தது. முந்நூறு பேருக்கு மேல் இதயம் போட்டிருந்தார்கள். எத்தனை அழகான அம்மா, எத்தனை அழகான தருணம், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, க்ரீமுக்கு என்ன சேர்த்தீர்கள். அக்கா சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து ஒவ்வொருவருக்கும் பதில் எழுதிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே, 'ஏறும்போது ஏதாவது சொன்னாளா?' என்று கேட்டாள். நான் சொன்னேன். ஒரு சொல் விடாமல் அப்படியே சொன்னேன்.

அக்கா போனைக் கீழே வைத்தாள். உடனே எடுத்து மகளுக்கு அடித்தாள். தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாகப் போன் சொன்னது. மறுபடியும் அடித்தாள். அதையேதான் சொன்னது. கையில் எந்த வேலையும் இல்லாமல் அவள் உட்கார்ந்திருந்ததை அந்தக் கோடையில் அப்போதுதான் பார்த்தேன். எனக்கே பாவமாக இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து என்னைப் பார்த்து, "அதுக்கு நீ என்ன சொன்னே அவகிட்ட?" என்று கேட்டாள்.

இந்த இடத்தை எழுதாமல் விட்டுவிடலாமா என்று யோசித்தேன். நான் குட்டியிடம் 'ம்' என்று சொன்னேன். அவள் பேசிக்கொண்டிருந்தபோது, அட்டவணை, சரிந்த க்ரீம், பல் டாக்டரின் கடி எல்லாவற்றையும் எந்த வரிசையில் வைத்தால் ஒரு நல்ல கேலிக் கட்டுரை வரும் என்று மனதுக்குள் அடுக்கிக்கொண்டிருந்தேன். சிக்னல் விழுந்தது, நான் காரை எடுத்தேன். நன்றாக வந்திருக்கிறது, இல்லையா?

நீங்கள் கேக் சுடாதவர். ஓவனே கிடையாது. எழுதுகிற வழக்கமும் இல்லை. அக்காவைப் பார்த்துச் சிரித்தீர்கள், என்னைப் பார்த்து முகம் சுளித்தீர்கள், இரண்டும் நியாயமே. ஆனால் நீங்கள் இதைப் படிக்க ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் பக்கத்தில் ஒருவர் வந்து நின்றாரே. ஏதோ சொல்ல வாயெடுத்தாரே. நீங்களும் எழுத்திலிருந்து கண்ணை எடுக்காமலே ஒரு கையை மட்டும் உயர்த்திக் காட்டினீர்களே. அவர் இன்னும் அங்கேயே நிற்கிறாரா என்று கொஞ்சம் திரும்பிப் பாருங்கள்.