சவுக்காரக் காலோடு கடலுக்குப் போனேன்

இருபத்தாறு வயது வரை நான் கடலைப் பார்த்ததில்லை. அதை வெளியே சொல்லாமல், மலைநாட்டில், றொசல்லப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கடலைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். அலை எப்படி வரும் என்று கையை ஆட்டிக் காட்டுவேன். பிள்ளைகளும் பார்த்ததில்லை என்பதால் எங்களுக்குள் பிரச்சினை எதுவும் வரவில்லை.

அந்த நேரத்தில்தான் பிரகாஷின் சம்பந்தம் பேச்சுக்கு வந்தது. ஹட்டன்காரர். பேருவளைக் கடற்கரைப் பக்கம் ஒரு ஹோட்டலில் சமையல் வேலை. எங்கள் இருவருக்கும் பிடித்துவிட்டது. (போனில் பேசிப் பேசி எனக்குக் கொஞ்சம் அளவுக்கு மீறியே பிடித்துவிட்டது.) அவருடைய அம்மாதான் இன்னும் சரி சொல்லவில்லை. அந்த அம்மா தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில், அதாவது தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது குழந்தைகளை விட்டுச் செல்லும் இடத்தில், ஓய்வுபெறும் வரை ஆயாவாக இருந்தவர். ஒரே பார்வையில் மொத்தக் காம்பராவையும் தூங்கவைப்பார் என்று பேர். பெண்ணோடு ஒரு நாள் இருந்து பார்த்துவிட்டுத்தான் முடிவு சொல்வேன் என்றார். பிரகாஷ் எல்லோரையும் பேருவளைக்கு வரச் சொன்னார். படகில் போய், தீவில் இருக்கிற வெளிச்சவீட்டைப் பார்த்துவிட்டு வரலாமாம்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. முதல் கடல், முதல் படகு, முதல் வெளிச்சவீடு, முதல் மாமியார், எல்லாம் ஒரே ஞாயிற்றுக்கிழமையில்.

செய்தியை ஆசிரியர் அறையில் சொன்னேன். அங்கே கடலைப் பற்றிப் பேசத் தகுதியுள்ள ஒரே ஆள் விஞ்ஞானம் படிப்பிக்கும் சிவகௌரி டீச்சர். யாழ்ப்பாணத்தில் கடற்கரையோரம் பிறந்து வளர்ந்தவர்.

"தீவுப் பக்கமெண்டால் கடலட்டை கிடக்கும், பிள்ளை," என்றார். "ஒவ்வொண்டும் கத்தரிக்காய் மொத்தத்தில இருக்கும்."

அதற்குப் பிறகும் ஏதோ சொன்னார். என் காதில் விழவில்லை. எங்கள் ஊர் அட்டை நெருப்புக்குச்சி அளவுதான் இருக்கும். மழைக்காலத்தில் தேயிலைக்குள் கால் வைத்தால் சத்தமில்லாமல் ஏறி, இரத்தம் குடித்து, திராட்சை அளவுக்கு வீங்கிய பிறகுதான் இறங்கும். நெருப்புக்குச்சி திராட்சை ஆகிறதென்றால், கத்தரிக்காய் என்ன ஆகும்? எனக்குக் கணக்கு அவ்வளவாக வராது. இந்தக் கணக்கை மட்டும் உடனே போட்டு முடித்தேன். பூசணிக்காய்.

அட்டைக்கு எங்களிடம் மருந்து உண்டு. கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் காலில் சவுக்காரம் தேய்த்துக்கொள்வார்கள். அட்டை ஒட்டாது. ஞாயிறு காலை வேன் வருவதற்கு முன், துணி துவைக்கும் சவுக்காரக் கட்டியை நனைத்துப் பாதத்திலிருந்து முழங்கால் வரை மூன்று தடவை பூசி, காயவிட்டு, மேலே சுடிதாரைப் போட்டுக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை. பயந்தாங்கொள்ளி என்று பேர் வாங்க விருப்பமில்லை.

கினிகத்தேனை வளைவுகளில் வேன் இறங்கும்போதே கால் அரிக்கத் தொடங்கியது. பக்கத்தில் பிரகாஷின் அம்மா. சொறிய முடியாது. அதிகம் பேசாதே, பல் தெரியச் சிரிக்காதே என்று என் அம்மா வேறு சொல்லிக் கூட்டி வந்திருந்தார்.

கடல் தெரிந்ததும் இரண்டையும் மறந்துவிட்டேன். அது நான் வகுப்பில் கையை ஆட்டிக் காட்டியது போலவே இல்லை. அவ்வளவு தண்ணீரை ஒரே இடத்தில் யார் கொண்டுவந்து கொட்டினார்கள் என்று கத்தினேன். பிரகாஷ் சிரித்தார். அவருடைய அம்மா சிரிக்கவில்லை.

என் அம்மா படகில் ஏற மாட்டேன் என்று மணலில் உட்கார்ந்துவிட்டார். நாங்கள் மூவரும் மிதவைச் சட்டை மாட்டிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நடந்து ஏறினோம். காய்ந்து கிடந்த சவுக்காரம் அப்போதுதான் விழித்துக்கொண்டது. எங்கேயோ சவுக்கார வாசம் வருகிறதே என்றார் பிரகாஷின் அம்மா. ஹோட்டலில் துணி துவைக்கிறார்களாக்கும் என்றார் பிரகாஷ். நான் வானத்தைப் பார்த்தேன்.

கொஞ்ச தூரம் போனதும், தென்னை மரங்களுக்கு மேலே வெள்ளைவெளேரென்று வெளிச்சவீடு எழுந்தது. நானும் எழுந்துவிட்டேன். படகுக்காரர் சிங்களத்தில், "வாடிவென்ன, மிஸ்," என்று உட்காரச் சொன்னார். உட்காரத்தான் பார்த்தேன். அதற்குள் ஒரு அலை வந்து படகைத் தூக்கியது. என் கால்கள் இரண்டும் ஆளுக்கொரு திசையில் போயின. விழும்போது பக்கத்தில் இருந்த கையை எட்டிப் பிடித்தேன். வலப்பக்கம் பிரகாஷ் இருந்தார். நான் பிடித்தது இடப்பக்கத்துக் கையை.

அவருடைய அம்மாவும் நானும் ஒன்றாகக் கடலுக்குள் போனோம்.

மிதவைச் சட்டை எங்களை மேலே கொண்டுவந்தது. உப்புத் தண்ணீரைத் துப்பிவிட்டு நான் சொன்ன முதல் வார்த்தை, "அட்ட! காலத் தூக்குங்க!" அவரும் மலைநாட்டுக்காரர் அல்லவா, அட்டை என்றதும் ஏன் எதற்கு என்று கேட்காமல் தூக்கிவிட்டார். இரண்டு பெண்கள், நான்கு கால்கள் வானத்தை நோக்கி, என்னைச் சுற்றி நுரை. பிரகாஷ் குதித்து வந்து எங்களைத் தள்ள, சிரிப்பை அடக்க முடியாத படகுக்காரர் ஒருவழியாக மேலே இழுத்துப் போட்டார்.

படகில் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். கடலட்டை என்பது அட்டையே இல்லை, அடியில் சும்மா கிடக்கும், கடிக்காது, சீனாக்காரர்கள் சூப் வைத்துக் குடிக்கிறார்கள் என்று பிரகாஷ் விளக்கினார். (சிவகௌரி டீச்சர் அன்று சொன்ன மிச்சமும் இதுதானாம்.) அவருடைய அம்மா சேலைத் தலைப்பைப் பிழிந்துகொண்டிருந்தார். சம்பந்தம் முறிந்துவிட்டது, கரையில் காத்திருக்கும் என் அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். பிரகாஷின் அம்மா தன் கால்களைப் பார்த்தார். பிறகு என் கால்களைப் பார்த்தார்.

"ஏம்மா, அட்ட இருக்குன்னு தெரிஞ்சு நீ மட்டும் பூசிக்கிட்டு வந்திருக்க. எனக்கும் ரெண்டு இழுப்பு இழுத்து விட்டிருந்தா என்ன?"

கோபமா கேலியா தெரியவில்லை. "மன்னிச்சிருங்க, அத்த," என்றேன். அத்தை என்று கூப்பிட எனக்கு யாரும் அனுமதி தந்திருக்கவில்லை. வாயில் தானாக வந்துவிட்டது. கரைக்குத் திரும்பி உடை மாற்றலாம் என்றார் பிரகாஷ்.

"நனஞ்சது நனஞ்சாச்சு," என்றார் அத்தை. "வெளிச்சவீட்டப் பாக்காம நான் வரமாட்டேன்."

தீவில் பாறைகள் வழுக்கின. அத்தை என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஏறினார். கோபுரத்தின் அடியில் இருவரும் தண்ணீர் சொட்டச் சொட்டக் கழுத்தை வளைத்து நின்றோம். உச்சியைப் பார்க்கக் கண் கூசியது. அங்கிருந்து பார்த்தால் எங்கள் மலை தெரியுமோ என்று நான் கேட்டேன். இவ்வளவு உயரத்தில் ஏறி யார் விளக்கைப் பற்ற வைப்பார்கள் என்று அவர் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. டீச்சராக இருந்துகொண்டு இதுகூடத் தெரியவில்லையா என்று அத்தை பல் தெரியச் சிரித்தார். நானும் சிரித்தேன். அவருடைய முடிவு என்ன என்று அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை.

கல்யாணம் ஹட்டன் கோயிலில் நடந்தது. என் கையைப் பிடிக்கும்படி ஐயர் பிரகாஷிடம் சொன்னபோது பின்னாலிருந்து அத்தையின் குரல் கேட்டது. "பாத்துப் புடிடா, இழுத்துருவா." மணவறையே குலுங்கியது.

நான்கு வருடமாகிவிட்டது. வீட்டுக்கு வருகிறவர்கள், மகன் விரும்பிக் கைப்பிடித்த பெண்ணா என்று கேட்டால் அத்தை உடனே திருத்திவிடுவார்.

"அவன் எங்க புடிச்சான்? இவ மொதல்ல புடிச்சது என் கையத்தான். அதுவும் நடுக்கடல்ல."

வலப்பக்கம் உட்கார்ந்திருந்த பிரகாஷுக்கு இன்றுவரை அது ஒரு மனக்குறை.