கைச்சுரங்கத்துக்கு லைன் கிளியர்

ஓடுகிற பெண்களைப் பாராட்ட வேண்டும் என்று எங்கள் தமிழ்ச் சங்கப் பள்ளிக் கமிட்டி ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. தீர்மானத்துக்குக் கை தூக்கினவர்களில் ஒருவர்கூட பஸ் பிடிப்பதற்காகக்கூட ஓடினவர் இல்லை. அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஓடுகிறவர்களுக்குப் பாராட்ட நேரம் ஏது?

பள்ளி மெட்டுகுடாவில் இருக்கிறது, தெலுங்கும் உருதுவும் பேசுகிற ஊர். வெள்ளைக்காரன் காலத்தில் ரயில்வே வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பங்கள் ஆரம்பித்தது. அதனால் கமிட்டியில் எல்லோரும் ரயில்வேயிலிருந்து ரிடையர் ஆனவர்கள். தலைவர் ஜம்புநாதன் கன்ட்ரோல் ஆபீஸில் உட்கார்ந்து, எந்த வண்டியை எங்கே நிறுத்துவது, எதை முன்னால் விடுவது என்று ஆயுசு முழுக்க முடிவு செய்தவர். இப்போது நிறுத்த வண்டி இல்லை. எங்களை நிறுத்துகிறார்.

என் பெயர் சாந்தா. என் பெண் பிந்து இங்கே கடைசி வகுப்பான பத்தாவது படிக்கிறாள், பள்ளியின் கிராஸ் கன்ட்ரி டீமில் ஓடுகிறாள். கிராஸ் கன்ட்ரி என்றால் மைதானத்தைச் சுற்றிச் சுற்றி வராமல், மேடு, பள்ளம், கல், சேறு என்று கண்ட இடத்தில் ஓடுவது. அதற்குப் பயிற்சி கொடுக்கப் பள்ளி செலவே செய்யவில்லை. எங்கள் தெருவை மூன்று தடவை தோண்டிப் போட்டுவிட்டு ஒரு தடவையும் மூடாத புண்ணியவான்கள் அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொண்டார்கள்.

இந்த வருஷம் மாவட்டப் போட்டியில் எங்கள் டீம் நாலாவதாக வந்தது. "நாலாம் இடம் பெற்று வரலாறு படைத்தது" என்று ஆண்டறிக்கையில் போட்டார்கள். பேர் கொடுத்திருந்தது ஐந்து பள்ளிகள் என்பதையும், ஐந்தாவது பள்ளியின் வேன் தார்நாக்காவில் பஞ்சர் ஆகி நின்றுவிட்டது என்பதையும் இடமின்மை காரணமாகப் போடவில்லை.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கேப்டன் ஹர்ஷிதா அந்தக் கூட்டத்தில் தனியாக மூன்றாவது வந்தாள். அவள் அப்பாவுக்கு லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை. விடிகாலையில் அவர் சைக்கிளில் ஷிஃப்டுக்குப் போவார், இவள் கூடவே ஓடுவாள். பாதி நாள் இவள்தான் முன்னால் போய் ஒர்க்‌ஷாப் கேட்டில் நிற்பாள். மாநில அணிக்கான தேர்வு ஓட்டத்துக்கு அவளையும், கூடப் படிக்கிற சபீனாவையும், என் பெண்ணையும் கூப்பிட்டிருந்தார்கள். பள்ளிக்கு மூன்று பேர் என்று கணக்கு. பிந்து அந்தக் கணக்கில் போனவள். ஹர்ஷிதாவுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. அடுத்த வருஷம் வயசு தாண்டிவிடும், பள்ளியும் முடிந்துவிடும். ஞாயிறு காலை பத்து மணி, லாலாகுடா பக்கத்து மைதானம்.

பாராட்டு விழாவும் அதே ஞாயிறு. ஏன் என்று கேட்காதீர்கள். நான் கேட்டேன்.

"சீஃப் கெஸ்ட் அன்னைக்குத்தாம்மா ஃப்ரீ" என்றார் ஜம்புநாதன். "எட்டு மணிக்கு விழா. ஒன்பதுக்கு முடிஞ்சுடும். பத்து மணி ஓட்டத்துக்கு ஒரு மணி நேரம் மார்ஜின் இருக்கே. எங்க காலத்துல இந்த மார்ஜின்ல நாலு எக்ஸ்பிரஸ் விட்டிருக்கேன்."

சீஃப் கெஸ்ட் கணேஷ்குமார், மண்டல உடல்நல ஊக்குவிப்பு வாரியத்தின் இணை ஆணையர். அந்த வாரியம் என்ன ஊக்குவித்தது என்று யாருக்கும் தெரியாது. ஆனால் தமிழர், காரின் மேல் விளக்கு வைத்துக்கொள்ளும் ஆசை உள்ளவர். போதாதா?

விழாவுக்குப் புது மெருகு கொடுத்தது உஷா. கோயம்புத்தூர்ப் பெண். ஐ.டி.யில் வேலை. அமெரிக்காவில் மூன்று வருஷம் இருந்துவிட்டு வந்திருக்கிறாள். வந்து நாலு வருஷம் ஆகிறது, இன்னும் வந்து சேரவில்லை. அவள் பிள்ளை எங்கள் பள்ளியில் ஆறாவது.

"அங்கெல்லாம் சீனியர் டேன்னு ஒண்ணு பண்ணுவாங்க ஆன்ட்டி" என்றாள். "கடைசி வருஷப் பசங்களோட முகத்தைப் பெருசா அட்டையில வெட்டிக் குச்சியில வெச்சுப் பிடிப்பாங்க. அப்புறம் பேரன்ட்ஸ் ரெண்டு வரிசையா எதிரெதிர நின்னு கையைத் தூக்கிக் கோர்த்துக்குவாங்க. அந்த டனலுக்குள்ள பசங்க ஓடி வருவாங்க. பார்க்கவே கண்ணுல தண்ணி வரும்."

டனல் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் ஜம்புநாதன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"சிங்கிள் லைனா, டபுள் லைனா?"

"புரியல அங்கிள்."

"டனல்ல ஒரு நேரத்துல ஒரு வண்டிதான். முன்னால போனது அந்தப் பக்கம் வெளியே வந்தாச்சுன்னு தகவல் வராம அடுத்ததை உள்ளே விடக் கூடாது. லைன் கிளியர் இல்லாம ஒருத்தரும் நகரக் கூடாது. கேட்ல நான் கொடியோட நிப்பேன்."

"குழந்தைங்க மோதிக்க மாட்டாங்க அங்கிள்."

"மோதின வண்டியெல்லாம் மோத மாட்டேன்னு சொல்லிட்டுத்தான் போச்சு" என்றார் ஜம்புநாதன். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

ஞாயிறு வந்தது. வாசலில் ஒரு ஃப்ளெக்ஸ். கணேஷ்குமார் ஆளுயரத்தில் சிரித்தார். பக்கத்தில் கமிட்டி வட்ட வட்டமாக. கீழே ஓரத்தில் ஓட்டக்காரப் பெண்கள் மூவரும் தபால்தலை அளவில் இருந்தார்கள். அதிலும் சபீனாவின் முகத்தில் ஃப்ளெக்ஸ் கட்டின கயிறு போயிருந்தது.

பெண்களை ஓடுகிற உடையோடு கேட்டுக்கு வெளியே, தெருவில் நிறுத்தினார்கள். உள்ளே கேட்டிலிருந்து மேடை வரை நாங்கள் பெற்றோர்கள் இரண்டு வரிசை. எட்டு மணிக்குக் கையைத் தூக்கிக் கோர்த்தோம். எனக்கு ஜோடி ஹர்ஷிதாவின் அம்மா. பி.டி. மாஸ்டர் பாலா பேர் கொடுப்பதற்காக முன்னாடியே மைதானத்துக்குப் போய்விட்டார். அந்த விழாவில் புத்தியோடு நடந்துகொண்ட ஒரே மனுஷர்.

எட்டரை. சீஃப் கெஸ்ட் கிளம்பிவிட்டார் என்று போன் வந்தது. ஒன்பது. கிளம்பப் போகிறார் என்று போன் வந்தது.

"அண்ணா, கையை இறக்கலாமா?" என்று கேட்டேன்.

"நக்கோம்மா, நக்கோ. இறக்காதே. ஸ்பெஷல் எந்த நிமிஷமும் வந்துடும்" என்றார் ஜம்புநாதன். ஒரு கையில் பச்சைக் கொடி, ஒரு கையில் சிவப்புக் கொடி. பத்து வயசு குறைந்த மாதிரி இருந்தார். எங்களுக்குப் பத்து வயசு கூடிக்கொண்டிருந்தது.

ஒன்பதே கால் தாண்டியது. ஹர்ஷிதாவின் அம்மா கண் கலங்கிவிட்டாள். "இந்த ஓட்டத்தை விட்டா என் பொண்ணு சோறே தின்ன மாட்டா அக்கா" என்றாள். அழுத கண்ணைத் துடைக்கக் கை இல்லை, கோர்த்திருந்தோமே!

ஹர்ஷிதா கேட்டருகே வந்தாள்.

"தாத்தா, டைம் ஆயிட்டுது. எங்களை விடுங்க, ஓட்டம் முடிஞ்சு திரும்பி வந்துடறோம்."

"எப்படிம்மா விடறது? ஸ்பெஷல் பாஸ் ஆகாம பாசஞ்சரை விட்டா ரூல் என்ன ஆறது?"

"நாங்க பாசஞ்சரா?"

"உன்னை வேணா எக்ஸ்பிரஸ்னு வெச்சுக்கலாம். சபீனா பாசஞ்சர். பிந்து கூட்ஸ்."

எனக்கு வந்ததே கோபம்! பெற்ற பெண்ணைச் சரக்கு வண்டி என்கிறார். கையை உதறிக்கொண்டு போய் நாலு கேட்டிருப்பேன். ஆனால் கை மரத்துப் போய், எது என் கை, எது எதிராளி கை என்றே தெரியவில்லை.

ஹர்ஷிதா கோபப்படவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, ரொம்பப் பணிவாக, "தாத்தா, ஒரு டவுட்டு" என்றாள்.

"கேளு."

"மெயின் லைன்ல முன்னால போக முடியாது. ஸ்பெஷல் எப்ப வரும்னு தெரியாது. வெளி சிக்னல்ல மூணு வண்டி நிக்குது. நீங்க கன்ட்ரோல்ல இருந்தா என்ன பண்ணுவீங்க?"

ஜம்புநாதனின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! ரிடையர் ஆனதிலிருந்து அவரிடம் யாரும் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. வீட்டில் அவரை எல்லோரும் கேட்பது பால் வாங்கியாச்சா என்றுதான்.

"டைவர்ட் பண்ணுவேன்" என்றார். குரலே மாறிவிட்டது.

"எந்த வழியா?"

"வேற எது? லாலாகுடா வழியாத்தான்."

"லைன் கிளியரா இருக்கா தாத்தா?"

அவர் தெருவை எட்டிப் பார்த்தார். ஒரு வெங்காய வண்டி, ஒரு நாய். நாயும் நகர்ந்து படுத்தது.

"கிளியர்."

"ஹவ், சரி தாத்தா. அப்போ கொடி?"

வீசினார். ஐயோ, வீசினாரே! பச்சைக் கொடியைத் தோளுக்கு நேராகப் பிடித்து, முறைப்படி வீசினார். ஹர்ஷிதா பாய்ந்தாள், பின்னால் சபீனா, அதற்குப் பின்னால் என் கூட்ஸ். கடைசி வண்டியும் தெருமுனை திரும்புகிற வரை ஜம்புநாதன் விறைப்பாக நின்று பார்த்தார். பார்த்து முடித்த பிறகுதான் சிவப்புக் கொடி கையில் இருப்பது அவருக்கு ஞாபகம் வந்தது.

"சீனியர்ஸ் எங்கே அங்கிள்?" என்று உஷா ஓடி வந்தாள்.

"டைவர்ட் ஆயிட்டாங்க" என்றார் மெதுவாக.

எல்லோரும் கையை இறக்கப் போனோம். சரியாக அப்போது ஸ்பெஷல் வந்து சேர்ந்தது.

கணேஷ்குமார் காரிலிருந்து போன் பேசிக்கொண்டே இறங்கினார், பேசிக்கொண்டே கைச்சுரங்கத்துக்குள் நுழைந்தார், நட்டநடுவில் நின்றுவிட்டார். யாரோடோ ஒரு இடமாற்றம் பற்றிப் பேச்சு. அவர் வெளியே வருகிற வரைக்கும் செக்‌ஷன் கிளியர் ஆகவில்லை என்று ஜம்புநாதன் எங்களை அசைய விடவில்லை.

மேடை ஏறினதும், "எனக்கு அஞ்சு நிமிஷம்தான் இருக்கு. யாருக்கு ஷால்?" என்றார்.

மூன்று நாற்காலியும் காலி. கமிட்டி ஒருவரையொருவர் பார்த்தது. உஷாவுக்குத்தான் சமயோசிதம். அட்டை முகங்கள் மூன்றையும் நாற்காலியில் சாய்த்து வைத்தாள். இணை ஆணையர் ஹர்ஷிதாவின் அட்டைக்கு ஷால் போர்த்தினார். ஷால் வழுக்கிக் கீழே விழுந்தது. மறுபடி போர்த்தினார். அட்டையே மல்லாந்து விழுந்தது.

"சார், தோள் இருக்கிற யாராவது உட்கார்ந்தா ஃபோட்டோ நல்லா வரும்" என்றார் ஃபோட்டோகிராஃபர்.

அந்தத் தொழில்நுட்பக் காரணத்தால் மூன்று அம்மாக்களையும் மேடைக்குக் கூப்பிட்டார்கள். நான் "ஐயையோ, வேண்டாம், இது என்ன கூத்து" என்றுதான் சொன்னேன். சொல்லிக்கொண்டே படி ஏறினேன். ஷால் பச்சை நிறம், அகல ஜரிகை. மோசமில்லை.

கணேஷ்குமார் எழுதி வைத்திருந்ததைப் படித்தார். "இந்த இளம் வீராங்கனைகளின் முகத்தைப் பாருங்கள். நாள்தோறும் ஓடி ஓடி உழைத்த களைப்பு தெரிகிறது. இவர்கள் நம் மாநிலத்தின் நாளைய நட்சத்திரங்கள்." முட்டி வலிக்கு எண்ணெய் தடவிக்கொண்டு வந்திருந்த நான் சபையைப் பார்த்துக் கும்பிட்டேன். கைதட்டல் பலமாக இருந்தது. கை தட்டினவர்களுக்குக் கை அவ்வளவு நேரம் கழித்துக் கிடைத்த சந்தோஷமாகவும் இருக்கலாம்.

அங்கே மைதானத்தில் பெண்கள் மூச்சிரைக்கப் போய்ச் சேர்ந்தபோது மற்றவர்கள் கோட்டில் நின்றுகொண்டிருந்தார்களாம். பாலா மாஸ்டர், "வார்ம்-அப் ஆயிடுச்சில்ல, நில்லு" என்று தள்ளிவிட்டாராம். ஹர்ஷிதா இரண்டாவதாக வந்தாள்! மாநில அணிக்குத் தேர்வாகிவிட்டாள். சபீனா நடுவில் எங்கேயோ. பிந்து கடைசி, ஆனால் முடித்துவிட்டாள். வீட்டுக்கு வந்து என் ஷாலைப் பார்த்து, "மம்மி, நீ எதுல ஜெயிச்சே?" என்று கேட்டாள். நான் தோசை ஊற்றப் போய்விட்டேன்.

அடுத்த வாரம் கமிட்டிக் கூட்டம், பெற்றோர்களும் வரலாம் என்று அழைப்பு. முதல் விஷயம்: முன் அனுமதியின்றி விழாவிலிருந்து வெளியேறிய ஹர்ஷிதாவிடம் விளக்கம் கேட்பது. இரண்டாவது விஷயம்: மாநில அணிக்குத் தேர்வாகிப் பள்ளிக்குப் பெருமை சேர்த்த ஹர்ஷிதாவுக்கு மாபெரும் பாராட்டு விழா. டைவர்ஷன் கொடுத்தது யார் என்பதைத் தீர்மானத்தில் சேர்க்க வேண்டும் என்று ஜம்புநாதன் திருத்தம் கொண்டுவந்தார்.

விழா தேதி, கணேஷ்குமாருக்கு ஒழிகிற ஒரே ஞாயிறு.

"அண்ணா, அன்னைக்குத்தானே வரங்கல்ல மாநிலப் போட்டி? ஹர்ஷிதா அங்கே ஓடிட்டு இருப்பாளே?" என்றேன்.

ஜம்புநாதன் சுவரிலிருந்த காலண்டரை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி மாட்டினார்.

"போன தடவை அவங்க இல்லாம எவ்வளவு ஸ்மூத்தா போச்சு ஆன்ட்டி!" என்றாள் உஷா. "ஃபோட்டோவெல்லாம் சூப்பர். அமெரிக்காவிலேருந்து என் ஃப்ரெண்ட்ஸ் கேக்கறாங்க, இந்த மாதிரி அம்மாங்களைக் கௌரவிக்கிற ஐடியா யாரோடதுன்னு."

"இந்தத் தடவை ஷால் பட்டுல" என்றார் ஜம்புநாதன்.

ஹர்ஷிதாவின் அம்மா என் காதில், "அக்கா, போன தடவை எனக்கு மஞ்சள் கொடுத்துட்டாங்க. இந்தத் தடவை ஊதாக் கேட்டா தப்பா நினைப்பாங்களா?" என்றாள்.

என்னைக் கூட்டிப் போக வந்த பிந்து வாசலில் நின்றிருந்தாள். "மம்மி, நீங்க எல்லாரும் இங்கே இருந்தா, வரங்கல்ல ஹர்ஷிதாக்கு யாரு கிளாப் பண்றது?" என்றாள்.

பெரியவர்கள் பேசுகிற இடத்தில் பேசாதே என்று அதட்டினேன். ஜம்புநாதன் ஓட்டுக்கு விட்டார். அறையில் எல்லாக் கையும் ஒன்றாக உயர்ந்தது. எங்களுக்குத்தான் நல்ல பழக்கம் ஆகிவிட்டதே. எனக்கு மட்டும் வலது தோள் அன்றிலிருந்து பிடித்துக்கொண்டு மேலே போக மாட்டேன் என்றது. அதனால் இடது கையைத் தூக்கினேன்.