வெறும் ஜெல்

மூன்றாவது முறையாகத் தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள் வெர்னா. ஜெல்லில் பேருக்குக்கூட ஒரு நீலக் கோடு இல்லை.

ஜெல்லுக்குள் புரதங்கள் வரிசைகட்டி நிற்கும்; சாயம் ஏறினால்தான் கோடு கோடாகக் கண்ணில் படும். பத்தொன்பது வருடமாக மெத்தனாலில் கரைத்த சாயத்தைத்தான் அவள் ஊற்றிவந்தாள். விண்ணிப்பெக் குளிரில் ஜன்னலைத் திறக்க வழியில்லை. அந்த மெத்தனால் நெடியில் தினமும் தலைவலியோடுதான் பஸ் ஏறுவாள். மெத்தனாலை ஒழித்து வினிகருக்கு மாறலாம் என்று ஆறு மாதம் கெஞ்சி, இன்று ஒரே ஒரு வாய்ப்பு வாங்கியிருந்தாள்.

"என்ன, ஒண்ணையும் காணோம்?" என்றார் ஆய்வகத் தலைவர் ஆர்டன்.

"இன்னும் கொஞ்சம் ஊறணும் டாக்டர்."

"மெத்தனாலா இருந்தா இந்நேரம் பளிச்சுன்னு தெரிஞ்சிருக்கும்."

ரோஷத்தில் சாயத்தைக் கூட்டினாள். ஜெல் முழுக்க நீலமாகிப் போனது. நீலத்தை உறிஞ்ச டிஷ்யூ காகிதத்தை முடிச்சுப்போட்டு மிதக்கவிட்டாள். காகிதம் நீலமானது, கையுறை நீலமானது, மறந்துபோய்ச் சொறிந்ததில் மூக்கும் நீலமானது. ஜெல் மட்டும் பழையபடி வெறுமையாகக் கிடந்தது.

சூடு காட்டினால் சாயம் சீக்கிரம் பிடிக்கும் என்று மைக்ரோவேவில் வைத்தாள். வினிகர் ஆவி தளம் முழுக்கப் பரவியது. பாதுகாப்பு அதிகாரி கண்ணைக் கசக்கிக்கொண்டே ஓடிவந்தார்.

"யாரு இங்க ஊறுகாய் போடறது?"

"இது ஆபத்தில்லாத முறைங்க."

"அப்புறம் ஏம்மா எனக்குக் கண்ணு எரியுது?"

ஆர்டன் பொறுமையிழந்து மெத்தனால் சாயத்தைத் தன் கையாலேயே ஊற்றினார். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால், அதிலும் ஒன்றுமில்லை.

"பாத்தீங்களா வெர்னா? மெத்தனாலே வந்து காப்பாத்த முடியாத அளவுக்கு உங்க வினிகர் கெடுத்து வச்சிருக்கு!"

இனி பழைய முறையே என்று தாளில் எழுதி நீட்டினார். வெர்னா பேனாவை எடுத்தாள். ஓய்வு பெறும்வரை இந்த நெடிதான் என்று நினைத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டாள். அவர் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

பக்கத்து மேஜை பெர்னிஸ் அப்போதுதான் வந்து, மேல்கோட்டைக் கழற்றியபடியே தட்டை எட்டிப் பார்த்தாள்.

"ஐயய்யோ, என் பழைய ஜெல்லையா போட்டு இந்தப் பாடு படுத்துறீங்க? இதுல இருந்த புரதத்தையெல்லாம் நேத்தே நான் கரண்ட் விட்டு சவ்வுத்தாளுக்கு இழுத்துட்டேனே, உங்க ஜெல் ஃபிரிட்ஜுல பத்திரமா இருக்கு!"